சிவப்பு மூடி, பச்சை மூடி

அன்று காலை பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் ஒரு சொட்டு சிறுவாணித் தண்ணியும் சாயச் சட்டிக்குள் போகாது. கதிர்வேல் சொன்னால் சொன்னதுதான். கதிர்வேல் என்பது நான். சொன்னேன் என்றால் மனசுக்குள் சொன்னேன். வாயில் பேஸ்ட் இருந்தது.

சிறுவாணித் தண்ணியின் அருமை கோயமுத்தூர்க்காரனுக்குத்தான் தெரியும். சென்னையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு நான் பழம் வாங்கிப் போவதில்லை. அஞ்சு லிட்டர் கேனில் தண்ணி கொண்டுபோவேன். அவனும் என் கையைத்தான் பார்ப்பான், முகத்தை அப்புறம்தான் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட தண்ணியில் என் மனைவி லோகப்பிரியா வெங்காயத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்து நூலை முக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதமாக இதே கூத்து. பெண்ணை காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம், வீட்டிலேயே நூலுக்குச் சாயம் போடும் வீடியோ ஒன்றை போனில் பார்த்தாள். அன்றோடு சரி. ஈரோட்டிலிருந்து வெள்ளை நூல் முறுக்கிய கட்டுகளாக, சிட்டம் சிட்டமாக வந்து இறங்கியது. மாதுளைத் தோல் ஒரு நாள், செவ்வந்திப் பூ ஒரு நாள், மஞ்சள் ஒரு நாள் என்று பின்வாசல் அடுப்பு அணையவே இல்லை. உழவர் சந்தைக்குப் போனால் விலை கேட்க மாட்டாள். ஒரு கத்திரிக்காயை எடுத்து வெயிலில் பிடித்து, "இந்தக் கலரைப் பாருங்க மாமா" என்று அஞ்சு நிமிஷம் நிற்பாள். காய்க்காரர் எங்களைப் பார்த்த பார்வையில், அடுத்த வாரத்திலிருந்து நான் தள்ளி நின்றுகொண்டேன்.

பின்வாசலில் இரண்டு நீல டிரம் உண்டு. சிவப்பு மூடி போட்டது சிறுவாணி. காப்பிக்கும் சோற்றுக்கும். பச்சை மூடி போட்டது போர் தண்ணி. உப்பு கரிக்கும், துருவாடை அடிக்கும். பாத்திரம் கழுவ மட்டும்.

"ஏம்மணி, சாயத்துக்குப் போர் தண்ணி போதாதா?" என்று பக்குவமாகத்தான் கேட்டேன்.

"அதுல இரும்பு கெடக்குதுங்க மாமா. கலரு செத்துப்போயிருமுங்க."

"என்ற காப்பி செத்தாப் பரவால்லியா?"

"உங்க காப்பிக்கு ஒதுக்கி வெச்சுப்போட்டுத்தானுங்க மிச்சத்தை எடுக்கறேன்."

"மிச்சமா? நேத்து நாலு கொடம் போயிருக்குது!"

"நேத்து நீங்க பைக்கு கழுவுனீங்களே, அது எந்தத் தண்ணியிலீங்க?"

பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி. லோகப்பிரியா முதல் தடவையாகக் கடை போடுகிறாள். அதற்கு நாற்பது சிட்டம் வெங்காயத் தோல் சாயத்தில் தங்கம் மாதிரி வரவேண்டும் என்று ஒரே பறப்பு.

"அங்க நல்லா ஓடிச்சுன்னா நல்ல தண்ணிக்கு இன்னொரு டிரம் வாங்கிப்போடலாமுங்க" என்றாள்.

"ஓடலீன்னா?"

"விட்டுப்போடறேனுங்க. சத்தியமா."

சத்தியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாற்பது சிட்டமும் கெட்டுப்போனால் போதும், என் தண்ணி எனக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் அக்காவைப் பார்க்கப் போனாள். அக்கா கொக்கி ஊசியால் மேசை விரிப்பும் குழந்தைத் தொப்பியும் பின்னுகிறவர். லோகப்பிரியாவின் முதல் ரசிகை. இருவரும் பேச உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் நிச்சயம். நான் பூனை மாதிரி பின்வாசலுக்குப் போனேன். சிவப்பு மூடியை எடுத்துப் போர் தண்ணி டிரம்மில் போட்டேன். பச்சை மூடியைச் சிறுவாணிக்குப் போட்டேன். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். யாருமில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு உள்ளே வந்து டிவி பார்த்தேன்.

மறுநாள் காலை காப்பி வந்தது. ஒரு வாய் குடித்ததும்தான் திட்டத்தில் இருந்த ஓட்டை நாக்குக்குத் தெரிந்தது. காப்பித் தண்ணியும் சிவப்பு மூடியிலிருந்துதானே எடுப்பாள்! பழைய ஆணியை ஊறவைத்துப் போட்ட காப்பி அது.

"எப்படீங்க மாமா இருக்குது?"

"நெம்ப நல்லாருக்குது."

"இன்னும் சித்த ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

அவளும் எதிரில் உட்கார்ந்து ரசித்துக் குடித்தாள். இவளுக்கு நாக்கு மரத்துப்போய்விட்டதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பத்து மணிக்குச் சிவப்பு மூடியைத் திறந்து மொண்டு மொண்டு அண்டாவில் ஊற்றினாள். வெங்காயத் தோல் கொதித்தது. நூல் உள்ளே போனது. வெளியே வந்தபோது தங்கத்தைக் காணோம். மழைக்காலத்து மதில்சுவரில் படியும் பாசி இருக்குமே, அந்த நிறம். குல்சும் அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அய்யோ லோகு, இதென்ன இப்படி ஆயிப்போச்சு!" என்றார். லோகப்பிரியா அடுப்பைத் தணித்தாள். ஈரச் சிட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

ஜெயித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. கண்ணில் விளக்கேற்றிய மாதிரி திரிந்துகொண்டிருந்தவளை நான் போய் ஊதி அணைத்துவிட்டேனே என்று இருந்தது. மத்தியானம் அவள் குளிக்கப் போனபோது ஓடிப்போய் மூடிகளைப் பழையபடி மாற்றிவைத்தேன்.

ஆனால் திங்கட்கிழமை காப்பியும் கரித்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் கரித்தது. வியாழக்கிழமை மூடியைத் திறந்து தண்ணியைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். தேனாக இருந்தது. உள்ளே வந்து காப்பி குடித்தால் ஆணி. செய்த பாவம் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்றே முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை மருதமலைக்குப் போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமையும் கரித்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. பாவம், துணைக்கு நானும் இருக்கட்டும் என்று போனேன். லோகப்பிரியா பழைய மஞ்சள், ரோஸ் சிட்டங்களை ஓரமாக வைத்து, பாசிப் பச்சையை நடுவில் அடுக்கியிருந்தாள். விதி என்று நினைத்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தால் பாசிப் பச்சையைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு அம்மா சிட்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டு காலேஜ் பெண்கள் ஒரே சிட்டத்துக்கு இழுபறி. பன்னிரண்டு மணிக்குக் கடைசிச் சிட்டம்தான் பாக்கி.

அப்போது சுரேந்தர் என்று ஒருவர் வந்தார். ஈரோட்டில் கைத்தறித் துணிக்கடை வைத்திருக்கிறாராம். சிட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கலரை எங்கியும் பார்த்ததில்லீங்க. யாரோட கண்டுபிடிப்புங்க?"

"எங்க குல்சும் அக்காவோட யோசனைங்க" என்றாள் லோகப்பிரியா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்தார். சுரேந்தர் போனை எடுத்தார்.

"அக்கா, சிட்டத்தைச் சித்த மேல புடிங்க. எங்க கடையோட ஃபேஸ்புக் பக்கத்துல உங்க போட்டோவைப் போட்டுர்றேன்."

அக்கா பிடித்தார். சிரிக்கவும் செய்தார். பதினெட்டு வருஷமாக ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். என்னை இதுவரை ஒருவரும் எதற்காகவும் போட்டோ எடுத்ததில்லை.

"நில்லுங்க!" என்று கத்தியேவிட்டேன். "அது என்ற கலருங்க! நாந்தான் டிரம் மூடியை மாத்தி வெச்சேன். போர் தண்ணி போனதாலதான் அந்தக் கலரு வந்துச்சு. நாந்தானுங்க!"

மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். லோகப்பிரியா மட்டும் திரும்பவில்லை. ரசீது எழுதிக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க மாமா" என்றாள்.

"தெரியுமா?"

"நாங்க ரெண்டு பேரும் எங்கூட்டு மொட்டை மாடிலதான் இருந்தோம் தம்பி" என்றார் குல்சும் அக்கா. "நீங்க இந்தப் பக்கம் பார்த்தீங்க, அந்தப் பக்கம் பார்த்தீங்க. மேல மட்டும் பார்க்கலை."

"அப்பறம் எதுக்கு அந்தத் தண்ணியிலயே போட்டே?"

"உங்க திட்டந்தான் என்னான்னு பாக்கலாம்னு, அன்னைக்கே அக்கா ஊட்டு அடுப்புல போர் தண்ணி வெச்சு ஒரு சிட்டம் முக்கிப் பார்த்தோமுங்க. நெம்ப அழகா வந்துச்சு. செரின்னு மொத்தத்தையும் போட்டுட்டேன்."

"தலையக் குனிஞ்சுட்டு நின்னியே!"

"சிரிப்பு வந்துருச்சுங்க."

"அப்ப... காப்பி?"

"உங்களுக்குன்னு போர் தண்ணி ஒரு கொடம் தனியா எடுத்து வெச்சிருந்தனுங்க. இன்னைக்குக் காலையோட தீந்துருச்சு."

சுரேந்தர் மாதம் நூறு சிட்டத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். போட்டோவில் குல்சும் அக்காதான் இருக்கிறார். என் தீர்மானமும் நிறைவேறிவிட்டது, சாயத்துக்கு இப்போது சிறுவாணித் தண்ணி ஒரு சொட்டும் போவதில்லை. போர் தண்ணியை மொண்டு ஊற்றுவது, அண்டாவைக் கிண்டுவது, பிழிந்து காயப்போடுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான். முழங்கை வரைக்கும் பாசி ஏறிவிட்டது, சோப்புக்குப் போகவில்லை. கம்பெனியில் யாராவது கேட்டால், இது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள ஆசை என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள்.