சல்லிசான இணைப்பு

உலக நாகரிக வரலாற்றை எழுதப்போகிறவர்கள் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக அய்யாவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீரவேண்டும். ஒரு பொருளை அதன் விலைக்கே வாங்குவது மனித குலத்தின் ஆதி பலவீனம் என்று கண்டறிந்த மகான் அவர். கர்நாடக எல்லையோரத்து ஹனூர்ப் பக்கம் ஒரு சோளக்காட்டில் பிறந்து, டொராண்டோவில் காப்பீட்டு நிறுவனமொன்றின் துணை மேலாளராகி, கனடா நாட்டுக் குடிமகனாகவும் ஆனவர். அங்கே ஏரிக்கரையில் ஒரு விடுமுறை வீடு வாங்கலாம் என்று சக ஊழியர்கள் ஆசைப்பட்டபோது, அய்யாவு மட்டும் வெளிநாட்டில் வாங்கினார். அந்த வெளிநாடு இந்தியா. பிறந்த மண்ணை "வெளிநாடு" என்று வாய் கூசாமல் சொல்ல எவ்வளவு மனப்பக்குவம் வேண்டும்!

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில், கரும்புக்காடுகளைப் பிளாட் போட்ட இடத்தில் அந்த வீடு நின்றது. கனடாவின் தேசிய மரத்தை நினைத்து வைத்த பெயர் "மேப்பிள் இல்லம்". சுற்றிலும் முருங்கைமரம்.

அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அய்யாவு மைசூரின் புகழைப் பாடாமல் எழுந்ததில்லை. அங்கே இணையம் சல்லிசு, தொலைபேசி சல்லிசு, காய்கறி சல்லிசு, எல்லாவற்றையும்விட மனிதர்கள் சல்லிசு. "சல்லிசு" என்ற சொல்லையே கனடாக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தமிழுக்கு அவர் செய்த தொண்டு அது ஒன்றுதான்; அது போதும். கேட்டுக் கேட்டு மயங்கிய மேலதிகாரி, மூன்று வாரம் மைசூரிலிருந்தபடியே வேலை பார்க்க அவருக்கு அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. திங்கட்கிழமை மாலை, இந்திய நேரப்படி ஏழரை மணிக்கு, "மறுசீரமைப்புக் கூட்டம்". அதில் முகம் காட்டாதவர்கள் வேலையில் "ஆர்வமற்றவர்கள்" என்று கருதப்படுவார்கள். கருதப்பட்டவர்கள் மறுநாள் கருதப்பட மாட்டார்கள்.

அய்யாவு சிரித்தார். இந்தியாவில் நெட் கிடைக்காதா? விமானம் ஏறும் முன்பே தன் கனடா எண்ணின் வெளிநாட்டுச் சேவையை வெட்டிவிட்டார். கேட்ட விலை அப்படி. மறுபடி வேண்டுமென்றால் டொராண்டோவில் கடை திறந்து ஆள் வந்து உட்கார வேண்டும். அதற்குள் கூட்டம் தொடங்கிவிடும். தீர்க்கதரிசிகள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைத் திறந்துவிட்டவள் நாச்சம்மாள். வீடு கட்டிய நாள் முதல் அங்கேயே பின்கட்டு அறையில் இருந்து காவல் காப்பவள். அவளும் ஹனூர்ப் பக்கம்தான். அய்யாவு பெட்டியை இறக்குவதற்குள் நல்ல செய்தியைச் சொன்னார்.

"நாச்சம்மா, இந்த வாட்டி நாலு கேமரா வாங்கிட்டு வந்திருக்கேன். நெட் கனெக்ஷன் குடுத்துட்டா டொராண்டோல உக்காந்தே வீட்டைப் பாத்துக்குவேன். நீ பாக்கற வேலை எல்லாத்தையும் அது பாக்கும். சோறு கேக்காது, நோம்பிக்கு லீவு கேக்காது."

"வாசல் கூட்டுமுங்களா சார்?"

"என்னது?"

"கேமரா வாசல் கூட்டுமுங்களான்னு கேட்டனுங்க."

"அதுக்கு மாசம் ஒருக்கா யாராவது வருவாங்க. சல்லிசா ஆள் கெடைக்கும்."

"அப்ப நானுங்க?"

"நெட் வர்ற வரைக்கும் இரு."

ஒரு மனிதரை வேலையை விட்டு அனுப்புவதை இத்தனை கனிவாக, ஒரு பெட்டியைத் தூக்கச் சொல்லிக்கொண்டே செய்ய உயர்ந்த நிர்வாகப் பயிற்சி வேண்டும். நாச்சம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கள் காலை கேபிள்காரர் பசவராஜ் வந்தார். வயர், ஏணி, மோடம், புன்னகை எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தார். ஒரு வருட பிளான்தான் சல்லிசு என்று கண்டுபிடிக்க அய்யாவுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

"நம்பர் சொல்லுங்க சார். ஓடிபி வருத்தே. அதைப் போட்டா ஆயித்து, முடிஞ்சுது."

அய்யாவு தன் கனடா எண்ணைச் சொன்னார். அதுவும் பத்து இலக்கம். ஆறில் ஆரம்பிப்பது. பசவராஜின் செயலி அதை இந்திய எண்ணென்று மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. ஓடிபி போனது. அய்யாவுவின் போனுக்கு வரவில்லை. மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் வரவில்லை. அதே பத்து இலக்கம் இந்தியாவிலும் ஒருவரிடம் இருந்தது. எங்கோ ஓர் ஊரில், கேட்காத இணைப்புக்கு அடுக்கடுக்காக ரகசிய எண்கள் வந்து குவிந்ததில் ஒரு அப்பாவி தன் வங்கிக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கக்கூடும்.

"லோக்கல் நம்பர் பேக்கு, வேணும் சார்" என்றார் பசவராஜ். "இங்க வேலை பாக்கற அம்மா நம்பர் இருக்கல்லா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சு அதைப் போட்டுடலாமே?"

"வேலைக்காரி பேர்ல கனெக்ஷனா? நாளைக்கு வீடே என்னுதும்பா!"

"அப்ப ஆகல்ல, முடியாது சார்" என்று பசவராஜ் ஏணியை மடித்தார். "ஒரு சிம் வாங்கிட்டு வாங்க. ஹத்து, பத்தே நிமிஷத்துல கனெக்ஷன்."

ஆட்டோ பிடித்து அய்யாவு மைசூர்க் கடைவீதிப் பகுதியான தேவராஜ மொஹல்லாவுக்குப் போனார். முதலில் ஒரு காபிக்கடைக்குள் நுழைந்தார். "இலவச வைஃபை" என்று எழுதியிருந்தது. எண்ணைக் கேட்டது. ஓடிபி அனுப்பியது. அந்த அப்பாவிக்கு இன்னொன்று.

பூக்கூடைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே புகுந்து, ஒரு சிம் கடையை அடைந்தார். கடையில் அஷ்வினி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஃபாரினரா சார்?"

"நான் ஹனூர்ல பொறந்தவம்மா."

"பொறந்தது சரி சார். பாஸ்போர்ட் கெனடாதுதானே? ஃபாரினருக்கு லோக்கல் ரெஃபரன்ஸ் வேணும்."

"அப்படின்னா?"

"இந்த ஊர்ல இருக்கிற ஒருத்தர், உங்களத் தெரியும்னு சொல்லணும்."

அய்யாவு வாழ்க்கையில் "லோக்கல்" என்ற சொல்லை வசைச்சொல்லாக மட்டுமே பயன்படுத்தியவர். தியேட்டரில் விசிலடிப்பவன் லோக்கல். வெற்றிலை போடுகிறவன் லோக்கல். ஹனூரில் இருக்கும் அவர் பங்காளிகள் படு லோக்கல். கல்யாணத்துக்குக் கடன் கேட்கிறார்கள் என்று அவர்கள் எண்களையெல்லாம் எப்போதோ பிளாக் செய்துவிட்டார். அக்கம்பக்கத்து வில்லாக்காரர்கள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருந்தார்கள். அவரைத் தெரியும் என்று சொல்ல மைசூர் மாவட்டத்தில் மிச்சமிருந்த ஒரே உயிர் நாச்சம்மாள்.

"எங்க வீட்டு வாட்ச்மேன் மாதிரி ஒரு அம்மா... அவங்க சொன்னாப் போதுமா?"

"தாராளமா சார். லோக்கலா இருந்தாப் போதும்."

அஷ்வினி விவரங்களைத் தட்டினாள். கம்பெனியின் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்குரல் நாச்சம்மாளை அழைத்து, கடையையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டது. அஷ்வினி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உதட்டில் விரல் வைத்தாள். "நீங்க பேசக்கூடாது சார். வெரிஃபிகேஷன்."

குரலுக்குக் கன்னடம் தாய்மொழி. தமிழ், பக்கத்து வீட்டு மொழி.

"நாச்சம்மா அவரா? அய்யாவு கொத்தா? தெரியுமா?"

"தெரியுமுங்க."

"உங்களுக்கு அவர் ஏனாகபேக்கு? என்ன ஆகணும்?"

"வீட்டுக்காரருங்க."

அய்யாவு வீட்டின் உரிமையாளர் என்ற பெருமிதத்தோடு தலையசைத்தார். குரலோ தனக்குத் தெரிந்த தமிழில் அதைக் குறித்துக்கொண்டது.

"ஓ, ஹஸ்பெண்டா? சரி. உங்க வீட்டுக்காரர் உங்ககூடவே இருக்காரா?"

"என்ற வீட்டுக்காரருங்களா? அவரு செத்துப் போயி வருசக்கணக்காச்சுங்களே."

"அய்யோ பாப, பாவம்" என்றது குரல். "எப்படிம்மா?"

"குடிச்சுக் குடிச்சேதானுங்க. ஈரல் கெட்டுப்போச்சு. நல்ல மனுசன்னு சொல்ல முடியாது, இருந்தாலும் போயிட்டாருல்லீங்க."

"நிறுத்துங்க!" என்று அய்யாவு மேசைமேல் பாய்ந்தார். "நான் அந்த வீட்டுக்காரன் இல்ல! இந்த வீட்டுக்காரன்!"

இணைப்பு முடிந்திருந்தது. அஷ்வினி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சு சார். 'விண்ணப்பதாரர் காலமானார்'னு வருது."

"நான் உங்க முன்னாடி நிக்கறேனே!"

"அது எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

"மறுபடி போடுங்க!"

"இறந்தவங்க பாஸ்போர்ட்டுல சிம் போட்டா என் வேலை போயிடும் சார். நீங்க பெங்களூர் ஆபீசுக்கு நேர்ல போயி, உயிரோட இருக்கீங்கன்னு எழுதிக் குடுக்கணும்." சற்று யோசித்து, அனுதாபத்தோடு சேர்த்துக்கொண்டாள். "அதுக்கும் லோக்கல் ரெஃபரன்ஸ் கேப்பாங்க."

பொழுது இறங்கும்போது, அமரர் அய்யாவு ஆட்டோவில் மேப்பிள் இல்லம் வந்து சேர்ந்தார். நாச்சம்மாள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குச் செத்துட்டேன்னு சொன்ன?"

"உங்களையுங்களா? அந்தப் புள்ள என்ற வீட்டுக்காரரக் கேட்டுச்சு. இருந்தா இருக்காருன்னு சொல்லியிருப்பனுங்க."

"இன்னும் அரை மணி நேரத்துல கூட்டம். நெட் இல்ல. என் வேலையே போயிடும்!"

நாச்சம்மாள் ஈரப் புடவையை உதறிப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "என்ற போன்ல நெட்டு இருக்குதுங்க. ஆட்ஸ்பாட் போட்டுத் தரட்டுங்களா?"

"உன்கிட்ட நெட் இருக்கா?"

"சீரியல் பாக்கோணுமுங்களே."

மேப்பிள் இல்லத்தின் பளிங்குக் கூடத்தில் சிக்னல் ஒரு கோடுகூட ஏறவில்லை. மாடியிலும் இல்லை. வளாகம் முழுவதிலும் டவர் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று: பின்கட்டில் நாச்சம்மாள் துணி துவைக்கிற கல். அய்யாவு இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே லுங்கியுமாக, பின்கட்டு விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல்லில் அமர்ந்தார். மடியில் கணினி, பக்கத்தில் நாச்சம்மாளின் போன். அது சூடாகாமல் இருக்க அவளே முறத்தால் விசிறினாள். உலகப் பொருளாதாரம் இப்படித்தான் இயங்குகிறது. நாம்தான் படத்தில் பார்ப்பதில்லை.

சரியாக ஏழரைக்குத் திரையில் மேலதிகாரி அம்மையார் தோன்றினார். வெள்ளைத் தலைமுடி, வெள்ளைப் பல், கருணை ததும்பும் கண்கள்.

"அய்யாவு! உங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி. பின்னால் பறப்பவை என்ன, கொடிகளா?"

"எங்கள் கலாசாரம் மேடம்" என்றார் அய்யாவு, நாச்சம்மாளின் புடவைகளை மறைத்தபடி.

"படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அங்கே இதற்கு என்ன செலவு?"

அய்யாவுக்கு மேடை கிடைத்துவிட்டது. "ஒன்றுமே இல்லை மேடம்! இலவசம்! நான் சொன்னேனே!"

"சொன்னீர்கள்" என்றார் மேலதிகாரி நெகிழ்ந்து. "ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னீர்கள். 'ஸாலிஸ்' என்று ஒரு அழகான சொல்லையும் கொடுத்தீர்கள். இயக்குநர் குழுவில் இப்போது எல்லோர் வாயிலும் அதுதான். ஆகவே, அய்யாவு, நாங்கள் மைசூரில் ஒரு கிளை தொடங்குகிறோம்."

கல்லில் அமர்ந்திருந்தவர் ஓரடி உயர்ந்தார். "என்னைத் தலைவராக..."

"உங்கள் பணியிடத்தை அங்கே மாற்றுகிறோம். உங்கள் வேலையை மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்குச் செய்ய, மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு பெண் கிடைத்திருக்கிறார். அபாரத் திறமை."

முறம் விசிறிக்கொண்டே இருந்தது.

"மேடம், நானும் மைசூரில்தான் இருக்கிறேன்! அதே சம்பளத்துக்கு நானே செய்கிறேன்!"

"நீங்கள் கனடாக்காரர் அல்லவா? உள்ளூர்வாசிகளை எடுத்தால்தான் அங்கே எங்களுக்கு வரிச்சலுகை. ஆனால் நீங்கள் அங்கேயே இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! இந்த மூன்று வாரமும் அந்தப் பெண்ணுக்கு நேரிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடலாம். பயிற்சிச் செலவும் மிச்சம். நிறுவனம் உங்களை மறக்காது, அய்யாவு."

எல்லோரும் கை தட்டினார்கள். படம் கடைசி நொடி வரை ஒரு நடுக்கம்கூட இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது. பிறகு திரை அணைந்தது.

அய்யாவு டையைத் தளர்த்தினார். நாச்சம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது, முகம் தெரியும்.

"என்னாச்சுங்க சார்?"

"வேலை போச்சு நாச்சம்மா. மண்டி மொஹல்லாவுல யாரோ ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. என்னைவிட மலிவாம்."

"அடப் பாவமே."

"அதுகூடப் போகட்டும். அந்தப் பொண்ணுக்கு நானே உக்காந்து வேலை சொல்லிக் குடுக்கணுமாம்! என்னை அனுப்பறதுக்கு என்கிட்டயே வந்து ஒத்தாசை கேக்கறாங்க. மனுசங்கன்னா கொஞ்சமாவது வெக்கம் வேண்டாம்?"

நாச்சம்மாள் சூடேறியிருந்த போனை எடுத்து, முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெக்கமெல்லாம் பாத்தா சல்லிசா முடியுமுங்களா சார்?"