ஜம்பு மரத்துக்கு நான் போட்ட வேலி

நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கெடச்ச வருஷம் நடந்தது. அன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல நிக்கிற ஜம்பு மரத்தச் சுத்திப் பலகை வேலி போடணும்.

காஜா பேராங்ல எங்க வீட்டுக்கு அப்பதான் ஒரு பழைய கார் வந்திருந்துச்சு. வந்துச்சே தவிர, உள்ள வர முடியல. மரம் வழிய மறிச்சு நின்னுச்சு. கார் ரோட்டோரமா வெயில்ல காய்ஞ்சுது. எனக்கு வயிறு எரிஞ்சுது.

மரம் வெட்டுற சீனர் வெள்ளிக்கிழமைதான் வருவேன்னுட்டார். எனக்குப் பொறுக்குமா? நானே பாராங் கத்திய எடுத்து நாலு போடு போட்டேன். மரம் அசையல. என் இடுப்புதான் பிடிச்சுக்கிச்சு!

"அரைகுறையா வெட்டி வெச்சிருக்கீங்க. யார் தலையிலயாவது விழுந்தா என்ன செய்வீங்க?"ன்னா வீட்டுக்காரி.

அதான் வேலி. நாலு பக்கமும் பலகை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள செவப்பெறும்பு என்னத் தின்னு தீர்த்துடுச்சு. கடைசியா, வர்றவங்க தூரத்துலயே பாத்து ஒதுங்கட்டும்னு, அடுப்படியில கெடந்த மஞ்சத் துணிய மரத்துல கட்டினேன். என்ன அறிவு பாருங்க!

இவ்வளவு கோயில் இருக்கிற எடத்துல, மரத்துக்கு வேலி போட்டு மஞ்சத் துணி கட்டினா என்ன அர்த்தம்னு பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தோணல.

மறுநாள் காலையில வேலிக்குள்ள எலுமிச்சம்பழம். சாயங்காலம் அகல் வெளக்கு.

வியாழக்கிழமை பாத்தா, பக்கத்துல இருக்கிற கம்போங் செட்டி கிராமத்து அம்மா ஒருத்தர், நான் வெட்டின எடத்துல மஞ்சள் அரைச்சுப் பூசிக்கிட்டிருக்காங்க.

"எந்தப் பாவி இத வெட்டினான்?"னு மலாய்ல கேட்டாங்க. அந்தச் செட்டிங்களுக்குச் சாமி நம்ம சாமிதான், பேச்சு மட்டும் மலாய்.

"தெரியலைங்கம்மா. அதான் பாதுகாப்பா வேலி போட்டேன்"னேன். பொய் சொல்றப்ப மட்டும் எனக்கு மலாய் சரளமா வருது!

"நல்ல மனுஷன்"னு என் நெத்தியில திருநீறு பூசிட்டுப் போனாங்க.

வீட்டுக்காரி முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. "உங்க சாமி கட்டியிருக்கிறது நான் சட்டி எறக்குற துணிங்க!"

வெள்ளிக்கிழமை சீனர் கோடாலியோட வந்தார். எனக்கு உயிரே வந்துச்சு. ஊதுவத்திப் புகையப் பாத்ததும் அவர் ரெண்டடி பின்னால போனார்.

"ஆடா டத்தோ! தா பெரானி லா!"

மரத்துல காவல் சாமி இருக்காம். அவருக்குத் துணிச்சல் இல்லையாம். மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு சைக்கிள்ல ஏறிப் போயே போயிட்டார்.

இப்ப அந்த மரத்தடிக் கோயிலுக்கு நான்தான் தலைவர். போன மாசம் சாமிக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தேன்.

காருக்கு இன்னும் வெயில்தான்.