ஆகாயத் தூரம் அளப்பவர்

ஆகாயத் தூரம் அளப்பவரை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று சொன்னால் போதும். எதற்குப் போகிறீர்கள், யாருக்குக் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கண்ணை லேசாக மூடி, உதட்டுக்குள் ஏதோ பெருக்கி, வகுத்து, "ஒரு மணி இருபது நிமிஷம்" என்பார். நீங்கள் பஸ்ஸில் போகிறீர்கள் என்பது அவருக்குப் பொருட்டே அல்ல.

நமக்கு வாய்த்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருப்பவரிடம், "பையன் எந்த ஊர்ல இருக்கான்னு சொன்னீங்க?" என்று ஆரம்பிப்பார். அத்தோடு கண் பரிசோதனை நின்றது. "பிளேன் மேப்புல பார்க்கிற மாதிரி நேரா போகாதுங்க, வளைஞ்சு போகும். பூமி உருண்டை இல்லையா?" பூமி உருண்டையானதில் தமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதுபோலச் சொல்வார். மச்சினன் அவருக்கு வைத்த பெயர் கிலோமீட்டர்.

ஒரே மகள் மூன்று வருஷத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிறாள் என்றதும் மனிதருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. பாசம்தான். அதை அவர் வேறு எப்படிக் காட்டுவார்? நாலாயிரத்து இருநூற்று ஐம்பது கிலோமீட்டர், மணிக்கு எண்ணூற்றைம்பது வேகம், ஏற இறங்க அரை மணி, எதிர்க்காற்றுக்கு இன்னொரு அரை மணி.

"டிக்கெட்லயே மூணு மணின்னு போட்டிருக்காங்களே," என்றாள் மனைவி.

"அவங்க காத்தைக் கணக்குல சேர்க்கலை. நம்ம கடிகாரப்படி பத்துக்குக் கிளம்பினா, நாலுக்கு முன்னாடி வர வாய்ப்பே இல்லை."

சரியாக நாலு மணிக்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார். இரண்டு ஐம்பதுக்கே விமானம் இறங்கிவிட்டதாகப் பலகை சொன்னது. நேரே விசாரணை மேசைக்குப் போனார்.

"பலகை தப்பா காட்டுதும்மா."

"இல்ல சார், இறங்கிடுச்சு."

"எப்படிம்மா இறங்கும்? எதிர்க்காத்து."

"பின்னால இருந்து அடிச்சிருக்கும் சார்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் பூமியை வரைந்து விளக்கிக்கொண்டிருந்ததில், மகளின் நாலு அழைப்புகள் அவர் காதில் விழவில்லை. ஐந்தாவதைத்தான் எடுத்தார். போனுக்குள் மனைவி அழுவதும் சிரிப்பதும் சேர்ந்து கேட்டது.

"அப்பா, ரொம்ப நேரம் பார்த்தேன், உங்களைக் காணோம். டாக்சி பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்."

"வந்திருக்க முடியாதேம்மா." வாய் தவறி வந்துவிட்டது.

போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். கதவைத் தாண்டி ஓடிவந்த ஒரு பெண், பெட்டியை அப்படியே விட்டுவிட்டு யாரோ ஓர் அப்பாவின் தோளில் முகம் புதைத்தாள். நம்மவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தாளை மடித்தார். வீட்டுக்குக் கிளம்பினார்.

வழியெல்லாம் காற்றின் மேல் பழிபோட வாக்கியம் தேடிக்கொண்டே போனார். மகள்தான் கதவைத் திறந்தாள்.

"சொல்லுங்கப்பா, நான் எவ்வளவு தூரம் வந்திருக்கேன்?" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"மெலிஞ்சு போயிட்டியேம்மா," என்றார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்புகிறேன் என்று வந்து நின்றால், முதலில் அவர் முகத்தைப் பார்ப்பீர்களா, போனைத் திறந்து தூரத்தைப் பார்ப்பீர்களா? பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு அது எப்போதோ தெரியும்.