கோக்கியண்ணன் சமைத்த படம்

பதுளையில் படம் பிடித்தவர்கள் அந்தக் காலத்திலும் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் ஊவா மலை முழுவதும் சலித்துப் பார்த்தாலும், படத்தைச் சமைத்தவர் எங்கள் கோக்கியண்ணன் ஒருவர்தான்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் அவர் சமையல்காரர். அதனால் ஊருக்கெல்லாம் கோக்கி. துரை சீமைக்குப் போகும்போது, அத்தனை வருஷம் கோழி சூப்பு வைத்துக் கொடுத்த கையில் ஒரு பழைய கெமராவையும், சில பிலிம் சுருள்களையும், மருந்துப் புட்டிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் பஜாரில் என் வெற்றிலைக் கடைக்குப் பக்கத்தில் ஆப்பக்கடை போட்டார். காலையில் ஆப்பம், மத்தியானத்துக்கு மேல் படம். இரண்டும் ஒரே குசினியில்.

பிலிம் கழுவுவது என்று சொல்லமாட்டார். "வேக வைக்கிறேன்" என்பார். மங்கலாக வந்தால் அரைவேக்காடு, கறுத்துப்போனால் அடிபிடித்துவிட்டது. மருந்து அளக்கத் துரை கொடுத்த கண்ணாடிக் குவளையில் தேங்காயெண்ணெய் வைத்திருந்தார். மருந்துக்கு விரல் சிட்டிகைதான். "உப்புக்கு எவன் அளவு பாக்குறான்?"

நமுனுகுலவிலிருந்து ஒரு கங்காணி தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக வந்து படம் பிடித்துக்கொண்டார். பிலிமில் முதலில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும்தானே தெரியும்? காகிதத்தில் ஏற்றினால்தான் சரியாகும். கங்காணிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பிலிமைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னய்யா இது?"

"இன்னும் வேலை பாக்கி இருக்குங்க. இதைத் திருப்பணும்..."

"ஒண்ணும் திருப்ப வேணாம். துரை கணக்கா இருக்கேன். இப்படியே குடு."

வெகுநாள் வரை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி, அந்தப் பிலிமை வெயிலில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

பஜாரே அண்ணனைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், என் மைத்துனி பாக்கியம் ஊருக்குக் கிளம்பும் வரை.

பாக்கியம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவள் புருஷன் இந்தக் குளிரே வேண்டாமென்று திருச்சிப் பக்கத்துக்குக் குடும்பத்தோடு போய்விட முடிவு செய்தான். இனித் திரும்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரி சிவகாமிக்கு அவள் தங்கை. "கூடப் பொறந்தது அவ ஒருத்திதான், அவ மூஞ்சியாவது எங்கிட்ட இருக்கட்டுங்க" என்று அழுதாள். தன்னிடம் மிச்சமிருந்த கடைசிப் பிலிமில் அண்ணன், புருஷன் பெண்சாதி இருவரையும் பிடித்தார். மறுநாள் அவர்கள் ரயில் பிடிக்கப் பண்டாரவளைக்கு மாட்டுவண்டி ஏறினார்கள்.

அன்றே பிடித்துக்கொண்டது மழை. குசினிக் கூரைத் தகரம் காற்றில் பறந்தது. "ஈரத்துல வச்சா ஊசிப்போயிரும், இன்னைக்கே வேக வைக்கணும்" என்று இருட்டு அறை தேடி அண்ணன் வீடு வீடாக ஏறினார். படம் கழுவினால் வீட்டிலுள்ளவர்களுக்கு ஆயுசு குறையுமென்று எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சியது கடைக்குப் பின்னால் இருந்த, ஜன்னல் இல்லாத எங்கள் ஒற்றை அறைதான்.

அங்கே சாமி மாடத்தில் விளக்கு எரிந்தது. தங்கை ஊர் சேர்ந்த சேதி வரும்வரை அணையவிட மாட்டேன் என்று கதிர்காமத்துக் கந்தனுக்கு நேர்ந்து சிவகாமி ஏற்றிய விளக்கு.

"கொஞ்ச நேரம் அணைச்சு வச்சா..." என்று அண்ணன் இழுத்தார்.

"அணைஞ்சா என் தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆயிரும்!"

"எரிஞ்சா அவ மூஞ்சி கருகிரும், தாயீ."

வெளியே தூக்கிப்போனால் அந்தக் காற்றில் விளக்கு அணைந்துபோகும். விளக்கும் அவளுக்காக, படமும் அவளுக்காக. நான் கந்தனைப் பார்த்தேன். அவர் வேலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "சிவப்பு வெளிச்சம்னா இந்தப் பிலிமுக்குக் கண்ணு தெரியாது. துரை சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒண்ணு குடுத்தாரு."

"எங்கே அது?"

"ஆப்பச்சட்டி விழுந்து உடைஞ்சிருச்சு."

சிவகாமி பெட்டியைத் திறந்து தன் கூறைப்புடவையை எடுத்து நீட்டினாள். நல்ல அரக்குச் சிவப்பு. விளக்கை மெல்ல ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நகர்த்தி, புடவையை நாலாக மடித்து அதன் வாயில் கட்டினோம். கதவிடுக்கைக் கம்பளியால் அடைத்தோம். அறை முழுக்கக் குங்குமம் கரைத்தது போல ஆயிற்று.

"மாப்ளே, குசினியில கொதி வந்தா எனக்கு நேரம் தெரியும். இங்க கொதி இல்லை. நீங்க முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே இருங்க, அதை வச்சுப் பாத்துக்கிறேன்."

பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து, மருந்துத் தட்டில் ஊஞ்சல் போல ஏற்றி இறக்கினார். எனக்குப் பயம். வாய் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"மெதுவா, மெதுவா! இந்த வேகத்துல போனா அரைவேக்காடுதான். முருகனுக்கு என்ன அவசரம்?"

திடீரென்று பட்டு பொசுங்கும் வாடை.

"ஐயோ, புடவை!" என்று கத்தினேன்.

"வாயை மூடிட்டு முருகனைச் சொல்லுங்க!" என்றாள் சிவகாமி. பொசுங்கிய இடத்தை விரலாலேயே கசக்கி அணைத்தாள். புடவையை மட்டும் விலக்கவில்லை.

வெயில் வந்த அன்று, பிலிமையும் காகிதத்தையும் கண்ணாடிக்கு அடியில் வைத்து, வடகம் காயவைப்பது போல முற்றத்தில் வைத்துவிட்டு, அண்ணன் காக்காய் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் வந்தது. புருஷன்காரன் தும்மியிருக்கிறான்; தலை இருந்த இடத்தில் வெறும் புகை. பாக்கியம் மட்டும் மூக்குத்தி வரைக்கும் தெளிவாக இருந்தாள்.

"வெந்திருக்கா, தங்கச்சி?" என்று அண்ணன் பயந்து பயந்து கேட்டார். சிவகாமி அந்த மூக்குத்தியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

ஊர் சேர்ந்த சேதியும் பிறகு வந்தது. அதுவரை விளக்கு அணையவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அந்தக் கூறைப்புடவையில், மடிப்புக்கு ஒன்றாக, நாலு இடத்தில் கருகல் இருக்கிறது. கொசுவத்துக்குள் மறைக்கலாம், என் வீட்டுக்காரி மறைப்பதில்லை. கல்யாண வீட்டில் யாராவது, "ஐயோ, பட்டு பொசுங்கியிருக்கே" என்று தொட்டுப் பார்த்தால், கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கைதான் என்று அழுத அதே சிவகாமி சொல்லுவாள்:

"அது எங்கண்ணன் சமைச்ச இடம்."