ரூபாய்க்கு எத்தனை அணா?

"மீதி ரெண்டணா எங்கே போச்சுங்க?"

கண்ணாயிரம் போட்ட சத்தத்தில் பரமசிவத்தின் வெற்றிலைப் பெட்டி மூடி தானாக விழுந்து மூடிக்கொண்டது.

பரமசிவம் கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய காஞ்சிபுரத்தில் 'சான்ஸ் பரமசிவம்' என்றால்தான் தெரியும். எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார். மார்க்கையும் மற்ற விவரத்தையும் குறித்துக்கொண்டு "நாளைக்கு வா" என்பார். மறுநாள் மடித்த சீட்டு ஒன்று வரும். சான்ஸ் ரூபாய்க்கு இத்தனை அணா என்று அதில் எழுதியிருக்கும். முழுசாகப் பதினாறணா என்றால் இடம் நிச்சயம். சர்க்காரே அணாவை ஒழித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் கணக்கில் மட்டும் ஒழியவில்லை. கூலியைக் காய்கறியாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

கண்ணாயிரம் தாமலிலிருந்து பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். மகள் தேவகி பி.யு.சி. முடித்து, மெட்ராஸில் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சீட்டில் பதினாலணா.

"யோவ், இந்த வருஷம் வேற எந்தப் புள்ளைக்கும் பத்தணாவைத் தாண்டலை. சந்தோஷமா ஊருக்குப் போ."

"பூசணிக்காய நான் முழுசாத்தானே குடுத்தேன்? ரெண்டு பத்தைய அறுத்து வெச்சிக்கினா குடுத்தேன்?"

"அது இன்டர்வியூக்கு விட்ட கழிவுய்யா. அங்க என்னா கேப்பாங்களோ, யாரு கண்டது?"

கண்ணாயிரம் தராசை நம்பமாட்டார். தராசு பிடிக்கிறவனை அதைவிட நம்பமாட்டார். எண் நன்றாகத் தெரியும், எழுத்தோடு அவ்வளவு பழக்கமில்லை. அதனால் எழுதினவனையும் நம்பமாட்டார். அந்த ரெண்டணாவை எவனோ நடுவில் அமுக்குகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

தேவகி கிணற்றடியில் விரலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததிலிருந்து தினம் காஞ்சிபுரத்துக்கு டைப் கிளாஸ் போகிறாள். டைப் அடிக்கிறதில் கைக்கு மை எப்படி வருகிறது என்று இவருக்கு ஒரு சந்தேகம். அது கிடக்கட்டும்.

"ரெண்டணா உதைக்குதே தேவகி."

"எனக்குக் கெடைக்கும் நைனா. நீ பேசாம இரு, அது போதும்."

"நோவாளியே நாடி புடிச்சிப் பாத்துக்கினா ஆவுமா? தெரிஞ்சவங்க சொல்லணும். நீ என்னாத்த கண்ட?"

மறுநாளே ஆளும் கட்சி ஆளைப் பிடித்து ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கினார். வாங்கி வெளியே வந்ததும் சந்தேகம். இவனை எப்படி நம்புவது? நேரே எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக்குப் போய் இன்னொரு கடிதம். தனித்தனியாகப் போட்டால் தபால்காரன் ஒன்றைத் தொலைத்துவிடுவான் என்று ரெண்டையும் ஒரே உறையில் ஒட்டிக் காலேஜுக்கு அனுப்பினார். பிறகு கத்திரிக்காயோடு பரமசிவத்திடம் வந்து பெருமையாகச் சொன்னார். பரமசிவம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "நாளைக்கு வா."

மறுநாள் சீட்டில் பத்தணா.

"பெரிய மனுசங்க லெட்டரு போட்டா ஏறணுமா எறங்கணுமா? என்னாய்யா கணக்கு இது!"

"கணக்கு சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

விண்ணப்பமே போய்ச் சேர்ந்திருக்காது என்று கண்ணாயிரத்துக்குத் தோன்றிவிட்டது. முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனார். காலேஜ் ஆபீஸ் ஜன்னலில் தலையை விட்டார்.

"தாமல் தேவகி விண்ணப்பம். கண்ணால காட்டு."

"பெரியவரே, உள்ள அஞ்சாயிரம் விண்ணப்பம் இருக்குது."

"எடு. நான் எங்கயும் போவல, இங்கதான் நிக்கிறேன்."

கடைசியில் காவல்காரன் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். கேட்டிலிருந்து கண்ணாயிரம் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "தேவகியோட அப்பன்டா நான்! பேரை நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க!"

இதையும் பரமசிவம் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார். மறுநாள் ஆறணா.

கண்ணாயிரம் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். கொடுக்கிற கையைப் பார்த்துத்தான் எல்லாம் நடக்கிறது, வெறுங்கையோடு போனவனுக்கு ஆறணாதான். இன்டர்வியூ கமிட்டியில் லேடி டாக்டர் ஒருத்தர் உட்காருவார் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். போதாதா? நேரே கலியன் வீட்டுத் தறிக்குப் போனார். அரக்குச் சேலை ஒன்று உடல் நெய்து முடிந்து, முந்தானை மட்டும் பாக்கியாக இருந்தது.

"இதையே குடு. ஆனா முந்தானையில பேரு போடணும்."

"யாரு பேரு?"

"தேவகி, தாமல். கீழ விண்ணப்ப நம்பரு, நாலாயிரத்து நூத்துப் பதினேழு. ஜரிகையில, பெருசா."

கலியன் தறி நாடாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏன்பா, சாமி சேலையில சாமி பேரு போட்டிருக்கேன். கல்யாணச் சேலையில பொண்ணு மாப்ள பேரு போட்டிருக்கேன். விண்ணப்ப நம்பரு போட்டதில்லப்பா."

"இல்லன்னா யாரு குடுத்ததுன்னு எப்படித் தெரியும்? வேற எவனாவது தன் புள்ள குடுத்ததுன்னு சொல்லிக்கினா?"

கலியன் நம்பரை இன்னொரு தரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். வேர்க்கடலை விற்ற காசு மொத்தமும் முந்தானையில் மின்னியது.

இன்டர்வியூவுக்கு ரெண்டு நாள் முன்னால் சேலையை எடுத்துப்போய்ப் பரமசிவத்திடம் விரித்துக் காட்டினார். "நானே கூடப் போறேன். வெளிய குந்திக்கினு இருக்க மாட்டேன், உள்ளயே போய் அந்தம்மா கையில குடுத்துட்டு, எம்பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கப்போறேன். இப்ப போடுங்க கணக்கு!"

பரமசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முந்தானையை மறுபடி படித்தார். நம்பர் உட்பட எழுதிக்கொண்டார்.

மறுநாள் கண்ணாயிரம் சீட்டைப் பிரித்தார்.

ஓரணா.

தெரு கூடிவிட்டது. "பூசணிக்கா, கத்திரிக்கா, ஒரு தாரு வாழக்கா! எல்லாத்தையும் துன்னுட்டு எம்பொண்ணுக்கு ஓரணாவா? பதினாலணாவ ஓரணா ஆக்கின கையைக் காட்டுய்யா, இன்னிக்கு ஒடைக்கிறேன்!"

பரமசிவம் சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி ஜெயம்மாள் மாவுக் கையோடு உள்ளே இருந்து வந்தாள். கசங்கிக் கிடந்த சீட்டைப் பொறுக்கி, கண்ணாயிரத்தின் கையில் வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு என்னாண்ணே தெரியும், மூணு மாசமா இங்க குந்திக்கினு கணக்குப் போட்டு சீட்டு எழுதறது உங்க தேவகிதான், நைனா கூட வந்தா ஓரணா, வூட்லயே இருந்தா அதே பதினாலணான்னு பின்பக்கம் எழுதியிருக்குதே, நீங்க திருப்பிப் பாக்கலியா?"