சீலும் சீரும்

மச்சான் மந்திரமூர்த்தியின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போவதில்லை என்று இசக்கிதுரை தீர்மானித்துவிட்டான். காரணமும் கைவசம் இருந்தது. டிராக்டர் ஒழுகியது.

ஒழுக ஆரம்பித்து ஒரு மாசம் இருக்கும். வாழைத் தோப்புக்கென்று வாங்கிய சின்ன வண்டி. இடது முன்சக்கரத்தின் உள்பக்கமாக எண்ணெய் கசிந்து முற்றத்தில் சொட்டும். "எண்ணெய் வத்தி உள்ள பல்சக்கரம் தேஞ்சா வண்டியே போச்சு" என்று பொண்டாட்டி முப்பிடாதி தினமும் சொல்லுவாள். "பைய பாப்போம்" என்று இவனும் தினமும் சொல்லுவான். ஸ்ரீவைகுண்டம் அணையாவது சில சமயம் வழியும். இவனுடைய 'பைய'யைத் தாண்டி ஒரு வேலையும் வழிந்ததில்லை.

ஆனால் மந்திரமூர்த்தி என்றால் மட்டும் எதற்கும் துணிவான். முப்பிடாதியின் அண்ணன் அவன். விக்கிரமசிங்கபுரத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான் என்றால் தாமிரபரணி வந்த வழியே மலையேறிவிடும். போன தடவை மாடித் தொட்டிக்குக் குழாய் போட்ட கதையை இட்லியில் ஆரம்பித்து ராத்திரிச் சோறு வரை சொன்னான். இப்போது முழு வீடே கட்டியிருக்கிறான்.

ஞாயிறு விடிந்ததும் முப்பிடாதி பட்டுச்சேலையில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க. அண்ணனுக்குச் சீர் செய்யணும்லா."

"நீ சீரைப் பாரு. எனக்குச் சீல் வேலை கெடக்கு. ஆக்சில்ல எண்ணெய் கசியாம அடைக்குற ரப்பர் சீல் போச்சு."

"இத்தன நாளாச் சொல்லுதேன். இன்னைக்குத்தான் காதுல விழுந்துதாக்கும்?"

"இன்னைக்குப் பாக்கலேன்னா வண்டி படுத்துரும்ட்டி."

"சரி, நான் மட்டும் போறேன். ஆனா சாயங்காலம் அண்ணன் வீடியோவுல கூப்புடுவான். வேலை நடக்கலேன்னா மாட்டிக்கிடுவீய."

"கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டவும் தெரியும். ஆனா பாரு, ஞாயித்துக்கிழம புதுச் சீலுக்கு எங்கன போக?"

அவள் அடுக்களைக்குள் போய் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். "நம்ம வண்டியோட பேரைச் சொல்லிப் போன வாரமே வாங்கியாந்தேன். எண்ணெய் டப்பா அலமாரிக்குக் கீழ இருக்கு."

அங்கேயே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பொண்டாட்டி மாதிரி உண்டா என்று உருகித்தான் போனான்.

அவள் பையோடு படியிறங்கியதும் கைலியை மடித்துக் கட்டினான். முதலில் சக்கரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வண்டியை ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தான். கசிவு சக்கரத்தின் நடுவிலிருந்துதான் வந்தது. பின்சக்கரங்களுக்குக் கல்லை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கடியில் கட்டையை முட்டுக்கொடுத்தான். எண்ணெயை வடித்தான், சக்கரத்தைக் கழற்றினான், மூடியைத் திறந்தான். குற்றவாளி உள்ளேயே இருந்தது. வாழை நார். அச்சுத் தண்டைச் சுற்றிக் கயிறாகத் திரிந்து சீலின் ரப்பர் உதட்டைக் கிழித்திருந்தது. மந்திரமூர்த்தி வாய் அளவுக்கும் ஒரு சீல் கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டான்.

நாரை அறுத்தெடுத்து, பழைய சீலை நெம்பி, இடத்தைத் துடைத்து, புதுசின் உதட்டில் கிரீஸ் தடவி வைத்தான். அதன்மேல் பழைய சீலையே வைத்துச் சுற்றிலும் பைய தட்டினான். கோணாமல் போய் உட்கார்ந்தது. எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் ஊற்றி, தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். குனிந்து பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது. பால்காய்ச்சுக்கும் போகவில்லை, மெக்கானிக்கையும் கூப்பிடவில்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லையே என்றுதான் வருத்தம்.

அப்போது பக்கத்து வீட்டு வாசலிலிருந்து முப்பிடாதி இறங்கி வந்தாள். அதே பட்டுச்சேலை, அதே பை. "போயிட்டு வாளா" என்று உள்ளேயிருந்து மஹ்மூதா பீவியின் குரல் கேட்டது.

"ஏட்டி, நீ விக்கிரமசிங்கபுரம் போகலையா?"

"போகல. இங்கன மஹ்மூதாக்காட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

"அப்ப பால்காய்ச்சு?"

முப்பிடாதி குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை.

"அது அடுத்த ஞாயிறுல்லா. வண்டிதான் சரியாயிட்டே, ஒங்களுக்கு இனி என்ன சோலி? வெள்ளிக்கிழமையே போயிருவோம்."