நத்தர்ஷா கஞ்சியைத் தொடாத காரணம்

காரைக்காலில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஹாஜி முகம்மது அவர்களுக்கு, சைகோனிலிருந்து நத்தர்ஷா சலாத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை நபீசாவும் மகள் சாலிஹாவும் நலம். என் கல்லீரலும் நலம். அங்கே நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நிற்க. இந்த நோன்பில் எனக்கு நேர்ந்த தலைக்குனிவு முழுவதற்கும் நீங்களே பொறுப்பு என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள்.

என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தபோது நீங்கள் இரண்டு காரியம் செய்தீர்கள். முதலாவது, கீழாநெல்லிப் பொடி பார்சல். அந்தக் கீழாநெல்லி இங்கே சோலோன் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வியட்நாம்காரர்களும் அதைத்தான் கல்லீரலுக்கென்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். சுங்கத்தில் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டதுதான் மிச்சம். இரண்டாவது, போனில் ஒரு புத்திமதி. "வெளிய மூச்சு விடாதிய மச்சான். தெரிஞ்சா ஒரே சஹன்ல ஒங்களோட எவன் கை வப்பான்?" என்றீர்கள்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எழுபத்தைந்தில் சைகோன் விழுந்து நம் ஆட்கள் எல்லாரும் இந்த ஊரைவிட்டுக் கிளம்பியபோது நான் மாட்டேன் என்று இருந்துவிட்டவன். இன்றைக்கு இங்கே தமிழ் பேசுகிற நம் ஆட்கள் ஒரு பள்ளிவாசல் முற்றத்துக்குள் அடங்கிவிடுவார்கள். நோன்பு திறக்க நாலு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டு வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிறோம். அந்தத் தட்டிலிருந்து தள்ளிவைத்தால் மிச்ச ஆயுளை நான் யாரோடு பேசிக் கழிப்பது? உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை, ஏசுவாள்.

டாக்டர் லான் என்ற அம்மாள் தெளிவாகத்தான் சொன்னார், கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது, பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும் என்று. நபீசாவுக்கும் சாலிஹாவுக்கும் பரிசோதனை செய்து, தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆனால் டாக்டருக்குக் கிருமியைத் தெரியும், நம் ஜமாஅத்தைத் தெரியாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாத்திரையை மட்டும் விடுவதில்லை. போன வருஷம் ஒருமுறை சொந்தமாக யோசித்துவிட்டேன். ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்று வந்தது, சரி, ஆள் போய்விட்டான் என்று நிறுத்தினேன். ஆள் போகவில்லை, படுத்திருந்திருக்கிறான். அடுத்த பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "நிறுத்தச் சொன்னது யார்?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல மனம் வராமல், ஊரில் எனக்கொரு மச்சான் இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். இந்த மாத்திரை கிருமியை வெளியே துரத்தாது, கல்லீரலைக் கெடுக்கவிடாமல் அடக்கிவைக்கும், அதனால் தினமும் போட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பினார்.

இப்போது நோன்புக்கு வருகிறேன். நோன்பு வைக்கலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார். ஆனால் மாத்திரையோ வெறும் வயிற்றில் போடுவது. போட்டபின் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வயிறு வெறுமையாகவும் இருக்க வேண்டும், விழுங்கவும் அனுமதி இருக்க வேண்டும் என்றால் சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொல்கிற நேரம் ஒன்றுதான். விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்கும் முன்னாலேயே எழுந்து போடலாமே என்றாள் உங்கள் தங்கை. அவளுக்குப் பதில் சொல்லித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. பாங்கு சொன்னதும் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி நோன்பு திறந்தேன். பிறகு கஞ்சி வாசனை படாமல் ஒளுச் செய்யும் ஹவுல் தொட்டி ஓரமாகப் போய் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இதில் அஷ்ரஃபுன்னிசா வருகிறாள். வாப்பா காரைக்கால், உம்மா இந்த ஊர் வியட்நாம்காரி. நம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி ஆக்குவது அவள்தான். போன நோன்பில் அவள் கஞ்சியில் எலுமிச்சைப் புல்லைத் தட்டிப் போட்டாள். இது கஞ்சியா, சளிக்குக் கொடுக்கும் கஷாயமா என்று நான் சபையில் கேட்டது உண்மை. ஆகவே இந்த வருஷம் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் எல்லாருக்கும் காரணம் புரிந்துவிட்டது, எனக்குத் தவிர. புல் வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. பள்ளிவாசல் செயலாளர் செய்யது மஸ்தான் அண்ணன் முறை கொண்டாடி என்னிடம் வந்து, "நானா, புல்ல எடுத்துடச் சொல்லியாச்சு. வந்து உக்காருங்க" என்றார். வயிறு சரியில்லை என்றேன். மறுநாள் புல் இல்லாத கஞ்சி. அதையும் நான் தொடவில்லை. அஷ்ரஃபுன்னிசா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"புல் போட்டா கஷாயம். போடலன்னா வயிறு சரியில்ல. நானாவுக்கு ஆகாதது கஞ்சி இல்ல, ஆக்குன கை. எங்கும்மா இந்த ஊர்க்காரின்னுதானே? நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்குங்க."

மச்சான், கஞ்சியைக் குறை சொல்வேன். அந்தப் பிள்ளையின் பிறப்பைக் குறை சொல்ல நான் யார்? உங்கள் புத்திமதியைக் காப்பாற்றினால் அவள் போய்விடுவாள், பொய்ப் பழியும் என்மேல் நிற்கும். சொன்னால் தட்டு போய்விடும். தட்டு போனால் போகட்டும் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஹெபடைடிஸ் பி, மாத்திரை, வெறும் வயிறு, இரண்டு மணி நேரம், எல்லாவற்றையும். இனிமேல் எதையும் யாரிடமும் மறைக்கப்போவதில்லை என்றும் சொன்னேன்.

 பிறகு செய்யது மஸ்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். நான் போடுகிற அதே மாத்திரை. "பொண்டாட்டிக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது நானா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தொண்டையைக் கனைத்தார். எதிர்த் தட்டில் ஒருவர் லேசாகக் கையைத் தூக்கினார். அஷ்ரஃபுன்னிசா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்கும்மாவுக்கு இருந்துச்சு. எனக்கும் ஈக்குது. நானும் மாத்திரை போடுறேன். இந்தக் கையாலதான் இத்தன வருஷமா ஒங்களுக்குக் கஞ்சி. இதுக்கா இப்படி ஒளிஞ்சிக் கெடந்திய?"

சொல்லிவிட்டு அகப்பையை எடுத்துக்கொண்டாள். என் பங்கைத் தூக்குச்சட்டியில் தனியாக எடுத்து வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ஆறிப்போன அந்தக் கஞ்சியைக் குடித்தேன். நாலு பேர் தராவீஹ் தொழுகை முடித்து எனக்காகவே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கஞ்சியில் மட்டும் அவள் மறுபடியும் புல்லைத் தட்டிப் போட்டிருந்தாள். சட்டியைக் காலியாக்கினேன். நன்றாக இருந்தது என்று மட்டும் யாரும் என் வாயிலிருந்து வரவழைக்க முடியாது.

ஆகவே, மறைக்கச் சொன்ன உங்கள் புத்தி தப்பு என்று ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதுங்கள். நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு லாத்தாவுக்கு என் சலாம். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நல்ல கல்லீரலும் பெற்று வாழ துஆச் செய்யும்,

நத்தர்ஷா

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் சாலிஹா மருந்துக் கடையிலிருந்து வந்தாள். "வாப்பா, வெறும் வயித்துல போடுறது பழைய மாத்திரை. நோன்புக்கு முன்னாடியே டாக்டர் மாத்திக் கொடுத்துட்டாங்களாம். இத சாப்பாட்டோடதான் போடணும். அவங்க சொல்ல வாயெடுக்கும்போதே எனக்குத் தெரியும்னு எந்திரிச்சு வந்துட்டியளாமே" என்கிறாள். எனக்கு அப்படி நினைவில்லை. அது போகட்டும். செய்யது மஸ்தான் ஒழுங்காகச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருந்தவர். அது பெரிய பிழை என்று நான்தான் சபையில் விளக்கி வெறும் வயிற்றுக்கு மாற்றினேன். பாவம், நேற்றும் ஹவுல் ஓரத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இன்று மக்ரிபுக்குள் அவரைத் திரும்பச் சாப்பிடவைக்க வேண்டும், காரணம் என் வாயிலிருந்து வரக் கூடாது. என்ன சொல்லி மறைக்கலாம் என்று உடனே போன் செய்து சொல்லுங்கள் மச்சான். இந்த விஷயத்தில் உங்கள் புத்தியை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.